காசியில் எடுத்த படம் ஏன் சப்பென்று இருக்கிறது? கோளாறு வாரியாகப் பார்ப்போம்

காசிக்குப் போய்வந்தவர்களின் போன்களை வாங்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே ஆல்பம்தான். விடிகாலைப் படகு, ஆரத்தி விளக்கு, காவி கட்டிய ஒரு சாமியார், கங்கைக்கு முதுகைக் காட்டிக் கறுத்த முகத்தோடு நிற்கும் மாமா, மாமி. நேரில் பார்க்கும்போது நிறமும் நெரிசலுமாக ஆளையே திணறடிக்கும் ஊர், படத்துக்குள் வந்ததும் வெளிறிப்போகிறது. உடனே பழி கேமரா மேல் விழும். அடுத்த தடவை நல்ல போனாக வாங்கிக்கொண்டு போகலாம் என்று முடிவாகும்.

இந்தக் கோளாறுகளில் முக்கால்வாசியை மூன்று கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம். ஆற்றின் எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள்? மணி என்ன? எதிரில் இருந்தவரின் முகத்துக்கும் உங்களுக்கும் எத்தனை அடி தூரம்? செட்டிங்ஸ் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான். அதனால் முதலில் ஊரின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.

கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் மேற்குக் கரையில் இருக்கிறது. தெற்கே அசியில் தொடங்கி வடக்கே ராஜ்காட் வரை, எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் பிறை போல வளைந்து கிழக்கைப் பார்த்து இறங்குகின்றன. எதிர்க்கரையில் கட்டடம் ஏறக்குறைய கிடையாது, வெறும் மணல்வெளி. இதனால் என்ன ஆகிறது? காலை வெயில் படித்துறை மேல் நேராக விழும். பிற்பகல் ஏற ஏறச் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும்; பெரும்பாலான படித்துறைகள் நிழலுக்குள் வந்துவிடும். மாலையில் ஊரின் பின்புறம் சூரியன் மறையும். கரையில் நிற்பவருக்கு அந்த அஸ்தமனம் தெரியாது, அக்கரை மணலில் நிற்பவருக்குத்தான் தெரியும். இவ்வளவுதான். இனி ஒவ்வொரு கோளாறாக வருவோம்.

“முகம் கறுத்துப்போகிறது, பின்னால் ஆறு மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது”

காலை ஏழு மணிக்கு, படியில் நிற்பவரை ஆற்றுக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருப்பீர்கள். சூரியனும் அதன் ஒளி பட்டுத் தகதகக்கும் தண்ணீரும் அவருக்குப் பின்னால். கேமரா அந்த வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. நம்முடைய மாநிறம் அதில் காணாமலே போய்விடும்.

முதல் வழி, நீங்கள் கீழ்ப்படிக்கு இறங்கித் திரும்பி நிற்பது. இப்போது சூரியன் உங்கள் முதுகில், அவர் முகத்தில் வெளிச்சம், பின்னால் படிகளும் மாடங்களும். ஆனால் ஆற்றைப் பார்க்கும் முகம் வெயிலில் கண்ணைச் சுருக்கும். தோளை ஆற்றுக்குக் காட்டி, வடக்கோ தெற்கோ பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கன்னத்தில் வெயில், மறு கன்னத்தில் இதமான நிழல் என்று முகத்துக்கு வடிவம் வந்துவிடும்.

ஆறு பின்னால் வந்தே ஆக வேண்டும் என்றால், போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். ஆறு வெளுக்கும், பரவாயில்லை. கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றலாம். இரண்டும் பிடிக்கவில்லையா? எதிர்த்திசையில் போங்கள்: வெளிச்சத்தைக் குறைத்து ஆளை முழுக் கரும் உருவமாக்கிவிடுங்கள். அப்போது முகத்தைப் பற்றிய கவலை இல்லை, ஆனால் வெளிக்கோட்டைப் பற்றிய கவலை வரும். கை உடம்போடு ஒட்டியிருந்தால் ஒரு தூண் மாதிரிதான் தெரியும். தலைக்கு மேல் சேர்த்த கை, தண்ணீரை அள்ளி விடும் கை என்று உடம்பிலிருந்து பிரியும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலான வழி ஒன்று உண்டு. அதிகாலையை விட்டுவிட்டு முகங்களைப் பிற்பகலுக்குத் தள்ளிவையுங்கள். பிற்பகல் ஏறியதும் படித்துறையின் பெரும்பகுதி நிழல். எதிரே மறைப்பே இல்லாத கிழக்கு வானமும் வெயிலில் வெளுத்த மணல்வெளியும். ஸ்டூடியோக்காரர் பெரிய வெள்ளைத் துணி கட்டி உண்டாக்கும் மென்மையான வெளிச்சம் ஊர் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாரும் விடிகாலையையே புகழ்வதால், மூன்று மணிக்குப் பயணிகள் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முகங்களுக்குக் காசியின் சிறந்த நேரம் அதுதான் என்பது என் கட்சி.

விடிகாலை படகுக்கும் கட்டடங்களுக்கும் உரியது. ஒன்றை மறக்க வேண்டாம்: மே, ஜூன் மாதங்களில் அங்கே ஐந்து மணியைத் தாண்டியதுமே சூரியன் வந்துவிடும், சென்னையைவிட அரைமணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. ஆறு மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் நல்ல வெளிச்சம் போயிருக்கும். ஜனவரியில் ஆறே முக்கால் வாக்கில்தான் உதயம், அதுவும் பனி விட்டால். அதே சமயம் குளிர்காலத்தில் வேறொரு வசதி உண்டு. டிசம்பர் நடுப்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 41 டிகிரி உயரம்தான் ஏறும். சென்னையில் அன்று 53. புருவ நிழல் கண்ணை விழுங்கும் நம்மூர் உச்சிவெயில் தொல்லை அங்கே அந்த மாதத்தில் குறைவு.

“மூக்கு பெருத்து, முகம் வேறு யாரோ மாதிரி இருக்கிறது”

ஒன்றரை அடியில் போனை நீட்டியிருக்கிறீர்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமானது. பக்கத்தில் போய்த்தான் முகத்தை நிரப்ப முடியும். பக்கத்தில் போனால் மூக்கு காதைவிடக் கணிசமாக நெருக்கத்தில் வந்துவிடும், அதனால் பெருக்கும். குற்றம் லென்ஸில் இல்லை, தூரத்தில். ஐந்தடி பின்னால் போய் 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூமில் எடுங்கள். கேமராவில் 50 முதல் 85 மில்லிமீட்டர் வரை. குழுப்படத்தில் அல்ட்ராவைட் லென்ஸைப் போட்டு ஓரத்தில் யாரையாவது நிறுத்தினால் அவர் இழுத்து நீட்டிய மாதிரி வருவார். ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் மருமகள் அல்லது மாப்பிள்ளையாக இருப்பதால் இது குடும்பப் பிரச்சினையாகவும் ஆகலாம்.

முகம் மெழுகு பூசினாற்போல் வழவழவென்று இருந்தால், போனில் அழகுபடுத்தும் வசதி ஓடிக்கொண்டிருக்கிறது. அணையுங்கள். படகோட்டியின் நெற்றிச் சுருக்கத்தையும் வெயிலில் காய்ந்த தோலையும் அழித்துவிட்டு எதைப் படம் எடுப்பது? போர்ட்ரெய்ட் மோடு ருத்திராட்ச மாலையின் பாதியையும் பறக்கும் நரைமுடியையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகிறதா? அதையும் விடுங்கள். ஆளுக்குப் பின்னால் இருபது அடி காலியாக இருக்கிற இடத்தில் நிறுத்தினால், ஜூம் லென்ஸில் பின்புலம் தானாகவே அடங்கும்.

“எல்லாரும் விறைத்து நிற்கிறார்கள், உணர்ச்சியே இல்லை”

இதுதான் பெரிய கோளாறு. பலருக்கு இது கோளாறு என்றே தெரிவதில்லை.

கேமராவைத் தூக்கியதும் மனிதர்கள் பாஸ்போர்ட் முகத்துக்குப் போய்விடுவார்கள், அல்லது உதட்டை மட்டும் இழுத்துச் சிரிப்பார்கள். அது கூச்சத்தால் மட்டும் வருவதில்லை. நீங்கள் யார், எதற்கு எடுக்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த நேரான வழி வாடிக்கையாளராக உட்காருவது. படித்துறையில் நாவிதர் இருக்கிறார், ஷேவிங் செய்துகொள்ளுங்கள். குல்லட் என்னும் மண்குவளையில் டீ விற்பவரிடம் ஒன்றுக்கு இரண்டாகக் குடியுங்கள். படகோட்டியைப் படம் எடுக்க வேண்டுமா, கரையிலிருந்து குறிவைக்காமல் துடுப்புப் படகை ஒரு மணி நேரத்துக்குப் பேசுங்கள். அந்த ஒரு மணி நேரமும் அவர் உங்களுக்கு எதிரில், நான்கைந்து அடி தூரத்தில், சீராக அசைந்துகொண்டு, வெட்டவெளி வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார். இதைவிட நல்ல இருக்கை எங்கே கிடைக்கும்? முதல் பதினைந்து நிமிடம் கேமராவை மடியில் வையுங்கள். அவரும் பார்த்துப் பழகட்டும்.

இந்தி தெரியாதே என்பீர்கள். நான்கு வாக்கியம் போதும். “பையா, ஏக் ஃபோட்டோ லே லூம்?” என்றால் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா. வயதானவரென்றால் பையாவுக்குப் பதில் “பாபாஜி”, பெண்ணென்றால் “மாதாஜி”. “காம் கர்தே ரஹியே” என்றால் வேலையைப் பாருங்கள், நிறுத்த வேண்டாம். “கேமரா மத் தேகியே” என்றால் கேமராவைப் பார்க்க வேண்டாம். கடைசியாக “தன்யவாத்”. அனுமான் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் போனால் இதுவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டு யாத்திரிகர் தலைமுறை தலைமுறையாகத் தங்கும் பகுதி அது. குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார் காட்டில் இருக்கிறது, பாரதியார் இளவயதில் அத்தை வீட்டில் இருந்தது அனுமான் காட் பக்கம். படகோட்டியே “சார், போட் வேணுமா?” என்பார். தமிழிலேயே பேரம் பேசலாம், தமிழிலேயே தோற்கலாம்.

கையில் வேலை இருக்கும் ஆள் விறைக்க மாட்டார். படகுக்குத் தார் பூசுபவர், துணியைக் கல்லில் அடிப்பவர், பட்டம் விடும் பையன், சீட்டாடும் பெரியவர்கள். வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அசைவு ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருவதால், எந்தக் கணத்தில் முகம் நிமிர்கிறது என்று இரண்டு சுற்று பார்த்துவிட்டு மூன்றாவது சுற்றில் எடுக்கலாம்.

நின்று போஸ் கொடுப்பவரிடம் வேறு முறை. அவர் கொடுக்கும் போஸை மரியாதையாக எடுத்துவிடுங்கள், அது அவருக்கு. எடுத்ததும் கேமராவை இறக்காமல் லேசாகத் தலையசையுங்கள். படம் முடிந்தது என்று நினைத்து மூச்சை விடுவார், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வெட்கப்படுவார், துண்டைச் சரிசெய்வார். உங்கள் படம் அதுதான். ஆள் சம்மதித்த பிறகு எடுக்கும் படம் என்பதால் இதில் திருட்டு எதுவும் இல்லை. ஆனாலும் திரையில் காட்டிவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

“காசு கேட்கிறார்கள்”, “எடுக்காதே என்று கத்துகிறார்கள்”

இரண்டும் வேறு வேறு நோய்.

தசாஸ்வமேதப் படித்துறையைச் சுற்றி, நெற்றி நிறைய பட்டையும் சடாமுடியுமாகப் படத்துக்கென்றே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அது அவர்கள் தொழில். எடுத்தால் கொடுங்கள், கொடுக்க மனமில்லை என்றால் எடுக்காமல் நகருங்கள். எடுத்துவிட்டுச் சண்டை போடுவது அசிங்கம். என்னைக் கேட்டால் எடுக்காமலே போகலாம். ஒரே முகத்தை ஆயிரம் பேர் எடுத்தாயிற்று, அவரும் ஆயிரம் பேருக்கும் ஒரே பார்வையைத்தான் கொடுக்கிறார். பக்கத்திலேயே மூங்கில் குடைக்குக் கீழே, சங்கல்பம் செய்துவைத்துக் களைத்துப்போய்க் கொட்டாவி விடும் பண்டாவின், அதாவது படித்துறைப் புரோகிதரின், முகத்தில் இதைவிட நூறு மடங்கு காசி இருக்கிறது. குழந்தைகளுக்குக் காசு கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் கேட்டு எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கத்துகிறார்கள் என்றால் பெரும்பாலும் மணிகர்ணிகாவிலோ ஹரிச்சந்திர காட்டிலோ நிற்கிறீர்கள். அங்கே பிணம் எரிகிறது. யாரோ ஒருவரின் அப்பா. கரையிலிருந்தும் எடுக்கக் கூடாது, படகிலிருந்து ஜூம் போட்டும் எடுக்கக் கூடாது. “இவ்வளவு கொடுங்கள், அனுமதி வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் நிற்காமல் நடங்கள். இறந்தவரின் வீட்டார் சார்பில் அனுமதி தர அவர் யார்? இந்தக் கோளாறுக்கு ஒரே பிழைநீக்கம் போனைப் பைக்குள் போடுவது. நம்மவர்கள் பிண்டம் வைக்கும்போதும், முடி இறக்கியதும் அழும்போதும் இதே நிதானம் வேண்டும். உங்கள் குடும்பத்துச் சடங்கு என்றால் வீட்டுப் பெரியவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். விசுவநாதர் கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துவிட்டுச் சும்மா கும்பிட்டுவிட்டு வாருங்கள், அதுவும் ஒரு ஓய்வு.

நெசவாளர் வீட்டுக்குப் போனால் வீட்டுப் பெண்கள் தாமாக முன்வந்தாலொழியக் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

“பனியில் எடுத்தது எல்லாம் சாம்பல்”

டிசம்பர் கடைசி, ஜனவரியில் சில நாள் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. படகுச் சவாரியையே நிறுத்தி வைப்பதும் உண்டு. கேமராவுக்குப் பனி என்றால் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் கணக்கு, வெண்மையை அழுக்காக்கிவிடும். எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். ஃபோகஸ் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடினால் படகின் விளிம்பு, கயிறு, துடுப்பு என்று ஏதாவது அழுத்தமான கோட்டில் பூட்டுங்கள்.

அப்புறம், பனியில் தூரத்தை எடுக்க முயலாதீர்கள். பக்கத்தில் ஏதாவது ஒன்று அழுத்தமாக இருக்க வேண்டும்: சிவப்புக் கம்பளி போர்த்திய ஆள், நீலம் பூசிய படகு மூக்கு. அதற்குப் பின்னால் உலகம் கரைந்துபோவதுதான் அழகு. குப்பை, பேனர், மின்கம்பி எல்லாவற்றையும் பனி இலவசமாகத் துடைத்துக் கொடுக்கிறது. குளிர்காலத்தில் கடற்காகங்கள் கூட்டமாக வரும். படகோட்டிகள் காராசேவு போலொன்றை வீசுவார்கள், பறவைகள் தலைக்கு மேல் மொய்க்கும். அங்கே ஷட்டர் திறந்திருக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட (1/1000) நீளக் கூடாது. போனில் தொடர்ந்து பல படம் எடுக்கும் பர்ஸ்ட் முறையைப் போடுங்கள்.

“ஆரத்தி ஒரே மஞ்சள் குழம்பாக வருகிறது”

ஆரத்திக்கு மூன்று தனித்தனிக் கோளாறுகள் உண்டு. எது உங்களுடையது என்று பாருங்கள்.

முதலாவது: ஒரே முதுகுகள். ஆரத்தி எடுப்பவர்கள் கங்கைக்குத்தான் எடுக்கிறார்கள். நான்கு திசையும் திரும்புவார்கள் என்றாலும் பெரும்பகுதி நேரம் முகம் ஆற்றைப் பார்த்துத்தான். படியில் உட்கார்ந்தால் முதுகும், முன்னால் இருக்கும் ஐம்பது போன்களும்தான் கிடைக்கும். முகம் வேண்டுமென்றால் படகில் போக வேண்டும், அல்லது மேடை வரிசையின் ஓரத்தில் பக்கவாட்டாக நிற்க வேண்டும். நான் ஓரத்தைத்தான் சொல்வேன். பக்கவாட்டில் ஐந்தாறு பேரின் கைகளும் விளக்குகளும் ஒரே கோட்டில் அடுக்காகத் தெரியும். அதற்குச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். தசாஸ்வமேதத்தைவிட அசி காட்டில் கூட்டம் சற்றுக் குறைவு. அங்கே விடிகாலையிலும் ஒரு ஆரத்தி நடக்கிறது. அப்போது வானம் நீலமாக வெளுத்துக்கொண்டிருக்கும், விளக்குக்கும் வானத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு. படத்துக்கு அதுவே எளிது.

இரண்டாவது: சுடர் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. பின்னணி இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. சுடரின் மேல் விரல் வைத்துப் பூட்டி, -1 அல்லது -1.5 இறக்குங்கள். மஞ்சள் அதிகம் என்று ஒயிட் பேலன்ஸை (நிறச் சாயலைச் சரிசெய்யும் வசதி) முழுக்கத் திருத்திவிடாதீர்கள். விளக்கு மஞ்சளாகத்தான் இருக்கும். கொஞ்சம் குறைத்தால் போதும்.

மூன்றாவது: எல்லாம் ஆடிப்போகிறது. படகு ஆடிக்கொண்டே இருக்கும். போனின் நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது. அசையும் படகிலிருந்து அசையும் கையை எடுத்தால் அது குழம்பத்தான் செய்யும். அணைத்துவிடுங்கள். ஜூம் லென்ஸைவிட 1 மடங்கு லென்ஸ்தான் இருட்டில் அதிக வெளிச்சம் வாங்கும். அதில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். கேமராவில் ஷட்டர் 1/250 வையுங்கள், ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவு 3200, 6400 போனாலும் பயப்பட வேண்டாம். புள்ளி விழுந்த கூர்மையான படம் புள்ளியில்லாத கலங்கல் படத்தைவிட மேல். படகுக்கு டிரைபாடு எடுத்துப்போவது வீண்சுமை. அதுவும் சேர்ந்துதான் ஆடும்.

படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறதா? மேடை எல்இடி விளக்குகளின் வேலை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100க்கு இறக்கினால் பட்டை போய்விடும். ஆனால் கை ஆடுமே? விளக்கைச் சுழற்றும் கை மேலே போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கும். ஊஞ்சல் உச்சியில் நிற்பதைப் போலத்தான். அந்தக் கணத்துக்கு 1/100 தாராளம். சங்கு, ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை, அடுக்கு விளக்கு, நாகபட விளக்கு என்று வரிசையாக வரும். அடுக்கு விளக்குக்குத்தான் எல்லாரும் போனைத் தூக்குகிறார்கள். சாம்பிராணிப் புகை வரும்போது எடுத்துப் பாருங்கள். புகையில் வெளிச்சம் பரவி முகம் பாதி மறைந்து பாதி தெரியும்.

நடுநடுவே திரும்பிக் கூட்டத்தையும் பாருங்கள். விளக்கொளி முகத்தில் விழ, கை கூப்பிக் கண் மூடி நிற்கும் பாட்டியை எடுக்க யாரும் அங்கே இல்லை.

“சந்துகளில் எடுத்தால் மேலே வெள்ளைக் கோடு, கீழே கும்மிருட்டு”

வீடுகளுக்கு நடுவே தெரியும் அந்த வானக்கீற்றை விட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. கேமராவைச் சற்றே தாழ்த்தி வானமில்லாமல் சட்டம் போடுங்கள். பிறகு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: வெயில் பட்ட சுவரின் எதிர்ப்பக்கம், கடைவாசல், திருப்பம். அங்கே நின்று காத்திருங்கள். மாடு வரும், பைக் வரும், பால்கேன் வரும், யாராவது ஒருவர் அந்த வெளிச்சத்துக்குள் அடியெடுத்து வைப்பார். நடந்துகொண்டே எடுப்பவருக்கு இந்தச் சந்துகள் எதையும் கொடுப்பதில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்கான பொருட்களை “சம்போ சம்போ” என்று சொல்லிக்கொண்டு தினமும் எடுத்துப்போவார்கள். வேகமாக நடப்பார்கள், வழிமறிக்கக் கூடாது. முன்னால் போய் ஒரு திருப்பத்தில் சுவரோடு ஒட்டி நின்று, 1/250இல் இரண்டு படம் எடுத்தால் போதும்.

“முகம் இருக்கிறது, ஊர் இல்லை”

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே முகம், பின்னால் மங்கல். இதைக் காரைக்குடியில் எடுத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். மங்கலாக்கும் மோகத்தின் விளைவு இது.

மதன்புரா பக்கம் ஒரு நெசவாளர் வீட்டுத் தறியை எடுத்துக்கொள்வோம். பட்டுப்புடவைக் கடைக்காரர் யாராவது அழைத்துப்போவார். தரையில் பள்ளம், அதில் காலை விட்டு நெய்பவர், தலைக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் (நெசவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் துளையிட்ட அட்டைகள்) சங்கிலியாகத் தொங்கும், ஒரே ஒரு ஜன்னல், அதோடு பச்சை அடிக்கும் டியூப்லைட். அனுமதி கேட்டு டியூப்லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். நெய்பவருக்குக் கண் தெரிய வேண்டும், ஆகவே ஐந்து நிமிடத்துக்கு மட்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் முகமும் பாவு நூலும் எழுந்து வரும். முதலில் வாசலிலிருந்து ஆள், தறி, அட்டை, சுவரில் மாட்டிய காலண்டர் எல்லாம் தெரிய எடுங்கள். பிறகு நெருங்கி முகமும் கையும். கடைசியாக விரலும், ஊடு நூலை ஓட்டும் நாடாவும் மட்டும், ஷட்டர் 1/15இல். விரல் நிற்க நாடா மட்டும் கோடாக ஓடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊரும் வந்துவிடும், ஆளும் வந்துவிடுவார்.

படித்துறையில் இதற்கு நேர்மாறான தொல்லை: ஊர் மிக அதிகம். பேனர், மின்கம்பம், பிளாஸ்டிக் நாற்காலி, தலையிலிருந்து முளைக்கும் கொடிக்கம்பு. ஆளை நகர்த்தாமல் நீங்கள் இரண்டடி இடது வலது நகருங்கள். போதவில்லை என்றால் பத்துப் படி மேலே ஏறிக் கீழே பார்த்து எடுங்கள். அப்போது பின்புலம் படிக்கட்டின் கோடுகளும் தண்ணீரும் மட்டும்தான்; ஒரு மூங்கில் குடையும் ஒரு வெள்ளைப் புடவையும் அதில் தனியாக நிற்கும்.

“எல்லாப் படத்திலும் ஒரு மூட்டம்”

லென்ஸைத் துடையுங்கள். விபூதி, நெய், தேங்காயெண்ணெய், சன்ஸ்கிரீன், வியர்வை எல்லாம் அங்கே இருக்கிறது. விளக்கைச் சுற்றி வால் முளைப்பதும் இதனால்தான். பழைய வேட்டித் துணி ஒரு துண்டு போதும். துடைத்தும் போகாமல் உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது ஈரம். ஆவணி மாதப் புழுக்கத்தில் ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் குளிர்ந்த கண்ணாடி மேல் நீர் கோக்கும். கிளம்புவதற்கு அரைமணி முன்னால் கேமராவைப் பைக்குள் மூடியபடியே பால்கனியில் வையுங்கள். லென்ஸை அந்த நேரத்தில் கழற்றவே வேண்டாம். அந்த மாதங்களில் வெள்ளம் படிகளை மூழ்கடித்துப் படித்துறைக்குப் படித்துறை நடக்க முடியாமல் செய்துவிடும் என்பதையும் பயணத்தேதி குறிக்கும் முன் யோசியுங்கள்.

“அனுப்புகிறேன் என்று சொன்னேன், அனுப்பவில்லை”

இதையும் கோளாறுப் பட்டியலில் சேர்க்கிறேன், ஏனென்றால் அடுத்து வருபவருக்கு முகம் இறுகுவது இதனால்தான். எண் வாங்கியதும் அங்கேயே நின்று அனுப்பிவிடுங்கள். வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் முழு அளவில் போகும். போன் வைத்திராத பெரியவர் என்றால் ஊருக்குள் ஒரு ஸ்டூடியோவில் தாளில் போட்டு மறுநாள் அதே படியில் கொண்டுபோய்க் கொடுங்கள். கோதோலியா கடைவீதிப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். அதற்குத் தோதாக, முகங்களை முதல் நாள் பிற்பகலிலும் ஆரத்தியை இரண்டாம் நாளும் வைத்துக்கொண்டு, ஊர் திரும்பும் ரயிலை மூன்றாம் நாள் இரவுக்குப் போடுங்கள். பிரின்ட்டை வாங்கியவர் அநேகமாக வீட்டாரையும் அழைத்துவந்து இன்னொரு படம் எடுக்கச் சொல்வார். பேட்டரியை மிச்சம் வைத்திருங்கள்.